காத்திருப்பறையில் கேட்ட பேச்சு

சிட்னி நகரில் 1941-ஆம் ஆண்டு ஒரு கண் மருத்துவர் குழம்பிப்போயிருந்தார். பெயர் நார்மன் கிரெக். பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளைக் கண்ணில் புரையோடு தூக்கிக்கொண்டு அம்மாக்கள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். கண்புரை வயதானவர்களுக்கு வருவது. குழந்தைக்கு எப்போதாவது வரும், பரம்பரையில் இருந்தால் வரும். இப்படி வரிசைகட்டி வராது. போதாக்குறைக்கு அந்தக் குழந்தைகள் பலவும் நோஞ்சானாக இருந்தன. சரியாகப் பால் குடிக்கவில்லை. பலவற்றுக்கு இதயத்திலும் கோளாறு.

மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அவருடைய காத்திருப்பறையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது கிரெக்கின் காதில் விழுந்ததாம். கர்ப்பமாக இருந்தபோது தனக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாக ஒருத்தி சொல்ல, எனக்கும்தான் என்றாளாம் இன்னொருத்தி. ஜெர்மன் தட்டம்மை என்பது ரூபெல்லா. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பில் செம்புள்ளிகளுமாக வந்துவிட்டுப் போகும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலம். 1940-இல் அது ஆஸ்திரேலியா முழுக்கப் பரவியிருந்தது. போருக்கு ஆள் திரட்டிய ராணுவ முகாம்களில் இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த சமயம் அது.

கிரெக் கேட்டதோடு விடவில்லை. மற்ற கண் மருத்துவர்களிடம் விசாரித்தார். மொத்தம் 78 குழந்தைகளின் விவரம் சேர்ந்தது. அவர்களில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்பக் காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது, பெரும்பாலும் முதல் ஓரிரு மாதங்களில். அதைக் கட்டுரையாக்கினார். பத்திரிகைகளில் செய்தி வந்ததும், காது கேளாத குழந்தைகளைப் பெற்றிருந்த அம்மாக்கள் அவரைத் தேடிவந்து, தங்களுக்கும் அப்படித்தான் ஆனது என்றார்கள். கண்ணோடு காதும் கணக்கில் சேர்ந்தது. கருவின் முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம் என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதன் முதல் வரியை எழுதியவர்கள் என்று காத்திருப்பறையில் அலுப்போடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களைத்தான் நான் சொல்வேன்.

இனி 2017 பிப்ரவரி. அதே ரூபெல்லாவுக்கு எதிரான தடுப்பூசி, தட்டம்மைக்கானதோடு சேர்த்து, தமிழ்நாட்டில் 9 மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் போடுவதாக ஏற்பாடு. சுமார் 1.75 கோடிப் பிள்ளைகள். கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றிலும் அப்போதுதான் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் ஊசி என்ற சுற்றறிக்கை வீட்டுக்கு வருவதற்கு முன்பே, போடாதீர்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது. எழுத்தில் வந்தது, குரல் பதிவாகவும் வந்தது. பிள்ளைக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்றது ஒன்று. வெளிநாட்டுச் சதி என்றது மற்றொன்று. தெரிந்த ஒரு டாக்டரே சொன்னார் என்று பெயரில்லாத ஒரு டாக்டரை மேற்கோள் காட்டியது வேறொன்று. அன்றைக்குப் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர்கள் உண்டு. பிப்ரவரியோடு முடிந்திருக்க வேண்டிய முகாம் மார்ச்சுக்குள் நீண்டது.

இரண்டு இடத்திலும் நடந்தது அம்மாக்களின் பேச்சு. சிட்னியில் அது ஒரு நோயின் மூடியைத் திறந்தது. இங்கே அதே நோயைத் தடுக்கும் ஊசிக்குக் குறுக்கே நின்றது. படிப்பறிவு இல்லாததால் வந்த வினை என்று கைகழுவிவிட முடியாது. கையில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள், மாதாமாதம் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்கள்தான் அந்தச் செய்திகளை அதிகம் கைமாற்றினார்கள்.

*

பெற்றவர்கள் ஏன் ஒருவரையொருவர் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி 2009-இல் வந்த தன் நூலில் ஒரு வாதத்தை வைத்தார். சிம்பன்சித் தாய் தன் குட்டியை முதல் சில மாதங்களுக்கு வேறு யார் கையிலும் தராது. மனிதத் தாய் பிறந்த அன்றே தருவாள். பாட்டி, சித்தி, அத்தை, மூத்த அக்கா, பக்கத்து வீட்டுக்காரி என்று பல கைகள் சேர்ந்து வளர்க்கும்படியாகவே மனிதக் குழந்தை பரிணமித்திருக்கிறது. அது அவ்வளவு நாள் பிறர் தயவில் இருக்கும். ஒருத்தி தனியாக வளர்த்துவிட முடியாது.

நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தின் பொருள் எனக்கு என் மகள் பிறந்தபோதுதான் புரிந்தது. பத்தியச் சாப்பாடு, உரைமருந்து, தூளி, இவை எல்லாம் மேலே தெரிவது. அடியில் இருந்தது வேறு: குழந்தை எந்த நேரத்தில் எப்படி அழுதாலும், இதை முன்பே நாலு தடவை பார்த்த ஒரு ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தார். மூன்றாம் மாதம் முடிந்து எங்கள் அடுக்குமாடிக்குத் திரும்பினேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அவள் வீறிட்டபோது வீட்டில் இருந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுக்குமாடிப் பெண்கள் வைத்திருந்த அம்மாக்கள் குழுவில் எழுதினேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது. "கவுத்துப் போட்டு முதுகைத் தடவுங்க சிஸ், கேஸா இருக்கும்." எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்கு முகம் தெரியாது. அன்றிலிருந்து அவர் சொல்வதை நம்பினேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம்பிக்கையை ஆராய்ந்த மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகிய மூவர் 1995-இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆளுக்கு விஷயம் தெரியுமா? என்மேல் அவருக்கு அக்கறை உண்டா? நேர்மையானவரா? மூன்றுக்கும் விடை ஆம் என்றால் முழு நம்பிக்கை. ஆனால் மூன்றையும் ஒரே சுலபத்தில் நம்மால் அளந்துவிட முடியாது. எனக்கு மருத்துவம் தெரியாத நிலையில், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று எதைக் கொண்டு எடைபோடுவேன்? அக்கறையை எடைபோட எல்லோருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு நாலு நிமிடத்தில் பதில் எழுதியவருக்கு அக்கறை உண்டு. எனவே தெரியாத முதல் கேள்விக்கும் தெரிந்த இரண்டாவது கேள்வியின் விடையையே எழுதிவிடுகிறோம்.

மருத்துவர் பக்கம் நிலைமை தலைகீழ். 67 நாடுகளின் தரவுகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலக மக்களில் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு என்றது. டோக்கன் 47 கையில் இருக்க, குழந்தை மடியில் நெளிய, கதவுக்கு அந்தப் பக்கம் டோக்கன் 48 நிற்க, கேட்க நினைத்த ஐந்து கேள்வியில் இரண்டைக் கேட்டுவிட்டு வெளியே வருவோம். மீதி மூன்று கேள்வியும் குழுவுக்குத்தான் போகும். அறிவு ஓரிடத்தில், அக்கறைக்கு நேரம் வேறிடத்தில்.

குழுவுக்கு இன்னொரு பலமும் உண்டு. டேமன் சென்டோலா என்ற சமூகவியலாளர் 2010-இல் இணையத்தில் 1,528 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். முன்பின் தெரியாத ஆட்களைச் சிறு வலைப்பின்னல்களாகக் கட்டி, உடல்நலம் தொடர்பான ஒரு தளத்தில் சேரும்படியான அழைப்பை அதற்குள் விட்டுப் பார்த்தார். அண்டைவீட்டார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுபோல நெருக்கமாகப் பின்னிய வலைகளில் 54 சதவீதம் பேர் வரை சேர்ந்தார்கள். சிதறலாகப் பின்னியவற்றில் 38 சதவீதம்தான். வெறும் செய்தி பரவ ஒருவர் சொன்னால் போதும். நடத்தையை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று பேர் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய குழுவில் அது நடந்துவிடுகிறது.

2017-இல் இதுதான் வினையானது. அண்ணி அனுப்பினார், பள்ளித் தோழியின் அம்மா அனுப்பினார், அடுக்குமாடிக் குழுவிலும் வந்தது. மூன்று பேர் தனித்தனியாகச் சொல்வதாக மனம் கணக்குப் போடும். மூன்றும் ஒரே பதிவின் மூன்று பிரதி என்பது அதற்குத் தெரியாது. ஊர்க் கிணற்றடியில் மூன்று பெண்கள் சொன்னால் மூன்று சாட்சி. ஃபார்வர்டில் சாட்சி ஒன்றுதான், எதிரொலி மூன்று.

*

இவ்வளவு அக்கறை பொங்கும் இடத்தில் இவ்வளவு சண்டை ஏன்?

எங்கள் குழுவில் நடந்த பெரிய சண்டை பால் பவுடருக்காக. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வேலைக்குத் திரும்பப் போகிறேன், எந்தப் பவுடர் நல்லது என்று கேட்டார். தாய்ப்பால்தான் நல்லது என்று ஒருவர் எழுதினார். தெரியும், எனக்குப் போதவில்லை என்றார் அந்தப் பெண். "முயற்சி பண்ணினா எல்லாருக்கும் ஊறும்" என்று வந்தது. கடைசியில் ஒருவர் "உங்க இஷ்டம் சிஸ்" என்று முடித்தார். அந்த மூன்று சொல்லில் தீப்பற்றிக்கொண்டது. இரண்டு நாள் எரிந்தது. பதினோரு பேர் குழுவை விட்டுப் போனார்கள்.

"உங்க இஷ்டம்" என்பதைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள். கன்னத்தைத் தடவிச் சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டும் சொல்லலாம். ஜஸ்டின் க்ருகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் சிலரிடம் வாக்கியங்களைக் கொடுத்து, கேலியாகச் சிலவற்றையும் நேராகச் சிலவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். புரிந்தது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கு ஏறக்குறைய ஒத்து வந்தது. எழுதுகிறவர் மண்டைக்குள் தன் குரலைக் கேட்டபடியே எழுதுகிறார். அந்தக் குரல் செய்தியோடு போய்ச் சேர்வதில்லை என்பது அவருக்கு உறைப்பதே இல்லை.

குரலைவிடவும் கண் முக்கியம் போலிருக்கிறது. இஸ்ரேலில் நோம் லாபிடாட்-லெஃப்லர், அசி பராக் என்ற இருவர் 2012-இல் 71 இணைகளைக் கொண்டு, ஒரு சிக்கலைப் பற்றி அரட்டைப் பெட்டியில் வாதாட வைத்தார்கள். சிலருக்கு எதிராளியின் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் தெரியும், சிலருக்கு அதுவும் இல்லை. முகமூடிதான் மனிதனை நாகரிகம் இழக்கச் செய்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கண்டது, பெயர் தெரியாததைவிடக் கண்ணோடு கண் பார்க்க முடியாததுதான் வசவுக்கு அதிகம் வழிவிடுகிறது என்பதை. எங்கள் குழுவில் எல்லோர் பெயரும் எல்லோருக்கும் தெரியும், வீட்டு எண்கூடத் தெரியும். லிஃப்டில் பார்த்துக்கொண்டால் சிரிப்போம். அப்படியும் சண்டை போட்டோம். அந்த ஆய்வைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நேரத்துக்கும் பங்கு உண்டு. ஒரு செய்தித் தளத்தின் கீழே வாசகர்கள் எழுதிய 1.6 கோடிக் கருத்துகளை ஜஸ்டின் செங்கும் அவருடைய ஸ்டான்ஃபர்டு சகாக்களும் அலசி 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வம்புப் பதிவுகள் இரவு நேரத்திலும் வாரத் தொடக்கத்திலும் கூடுகின்றன. கூடவே ஒரு சோதனையும் செய்தார்கள். கடினமான கேள்வித்தாள் கொடுத்து எரிச்சலூட்டி, முன்னால் எழுதப்பட்ட மோசமான கருத்துகளையும் படிக்கக் கொடுத்தபோது எழுதப்பட்டவற்றில் 68 சதவீதம் வம்பு. நல்ல மனநிலை, நல்ல முன்கருத்துகள் என்றால் 35. வம்புக்காரர் என்று ஒரு தனி ஜாதி இல்லை, தூக்கமில்லாத எவரும் ஆகலாம் என்று இதைப் படிக்கலாம். கைக்குழந்தைக்காரிகளின் குழுவைவிடத் தூக்கம் கெட்ட ஒரு கூட்டம் உலகில் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் தீ எப்படிப் பரவியது என்பதற்கான விளக்கம். எரிந்தது எது? பால் பவுடர் இல்லை என்று நினைக்கிறேன். பிள்ளை வளர்ப்பில் ஒருத்தி எடுக்கும் முடிவு, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு தீர்ப்பாகப் போய்ச் சேர்கிறது. நான் வேலையை விட்டுவிட்டுப் பால் கொடுத்தேன் என்று ஒருத்தி தன் கதையைச் சொன்னால், விடாதவள் காதில் அது குற்றப்பத்திரிகையாக விழுகிறது. சிசேரியனா நார்மலா, செர்லாக்கா ராகிக்கூழா, மாமியார் சொன்னபடி தொக்கம் எடுப்பதா வேண்டாமா, எந்தக் கேள்வியின் அடியிலும் நான் நல்ல அம்மாதானா என்ற ஒரே கேள்வி படுத்திருக்கிறது. அதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை.

மேற்கு நாடுகளில் இதே சண்டை குழந்தையின் தூக்கத்துக்காக நடக்கும். குழந்தையைத் தனியே கிடத்தி, அழுதால் சற்று நேரம் விட்டுப் பிடித்துத் தூங்கப் பழக்கலாமா கூடாதா? ஒரு கட்சியினர் 2012-இல் வந்த நியூசிலாந்து ஆய்வை எடுத்து வீசுவார்கள்: அழுகை நின்ற பிறகும் குழந்தையின் உடம்பில் மன அழுத்த ஹார்மோன் குறையவில்லை. மறு கட்சியினர் 2016-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வை வீசுவார்கள்: ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதலில் எந்தக் குறையும் இல்லை. முதலாவதில் இருந்தவை 25 குழந்தைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டமும் இல்லை. இரண்டாவதில் 43. இந்த அளவு தரவை வைத்துக்கொண்டு ஒரு தாயைக் கொடுமைக்காரி என்றோ பைத்தியக்காரி என்றோ எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு பட்டமும் தாராளமாகக் கொடுக்கப்படுகின்றன. பிள்ளையைப் பக்கத்திலோ தூளியிலோ போட்டுத் தூங்கும் நமக்கு இந்தச் சண்டை விநோதமாகத் தோன்றும். நம் தொக்கச் சண்டை அவர்களுக்கு அப்படித் தோன்றும்.

*

சண்டை முடிந்ததும் என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பதினோரு பேர் போனார்கள் என்றேன். ஒரு தரப்பு மட்டும்தான் போனது. போனவர்கள் தங்களுக்குள் வேறொரு குழு தொடங்கிக்கொண்டார்கள். இங்கே மீந்தவர்களிடையே கருத்து வேறுபாடு குறைந்துபோனது. குழு அமைதியானது, இதமானது. தவறான ஒன்றைச் சொன்னால் அப்படியா என்று கேட்க ஆளில்லாமலும் போனது. வெளியேறியவர்கள் பக்கமும் அதே கதைதான்.

இதைப் பெரிய திரையில் பார்க்க, இயற்பியலாளர் நீல் ஜான்சனின் குழு 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கில் தடுப்பூசி பற்றிப் பேசிய குழுக்களை, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தோடு வரைந்தார்கள். ஆதரவுக் குழுக்கள் 124, அவற்றில் சுமார் 69 லட்சம் பேர். எதிர்ப்புக் குழுக்கள் 317, சுமார் 42 லட்சம் பேர். எந்தப் பக்கமும் சேராத 885 குழுக்களில் 7.4 கோடிப் பேர். இந்தக் கடைசி வகையில்தான் பெற்றோர் சங்கங்களும் பள்ளிக் குழுக்களும் இருந்தன. ஆள்பலத்தில் ஆதரவுப் பக்கம் பெரியது. ஆனால் அது வரைபடத்தின் ஓரத்தில் தனக்குள் பேசிக்கொண்டு கிடந்தது. எதிர்ப்புக் குழுக்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், நடுவில் இருந்த பெற்றோர் கூட்டத்தோடு நூலும் பாவுமாகப் பின்னியிருந்தன. எதிர்ப்பாளர்கள் சொன்னதும் ஒரே கதை இல்லை. பாதுகாப்பு பற்றிய பயம், அரசின் மேல் சந்தேகம், இயற்கை வைத்தியத்தில் பற்று என்று ஆளுக்கேற்ற கதை வைத்திருந்தார்கள். ஆதரவாளர்களிடம் இருந்தது ஒரே வரி: போட்டுக்கொள்ளுங்கள்.

குழம்பி நின்றவளிடம் யார் போய் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அந்தப் படம் சொல்லும் சேதி. இரண்டு மணிக்கு நாலு நிமிடத்தில் பதில் தந்தவர் தரப்பு ஜெயிக்கிறது, அவர் சொன்னது சரியோ தவறோ.

இப்படிச் சேர்த்த நம்பிக்கையை விற்கவும் முடியும். இது இன்ஸ்டாகிராம் காலத்துச் சங்கதி என்று நினைத்தால் தவறு. 1970-களில் ஆப்பிரிக்க நாடுகளில் பால் பவுடர் நிறுவனங்கள் தங்கள் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடை போட்டுப் பிரசவ வார்டுக்குள் அனுப்பின. அதை அம்பலப்படுத்தி 1974-இல் பிரிட்டனில் வெளியான ஒரு சிறு அறிக்கையிலிருந்து கிளம்பிய எதிர்ப்புதான், 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் விற்பனை நெறிமுறையாகவும், 1992-இல் இந்தியாவில் சட்டமாகவும் ஆனது. நம் நாட்டில் கைக்குழந்தை பால் பவுடருக்கு விளம்பரமே பார்க்க முடியாததற்குக் காரணம் அந்தச் சட்டம். அன்று கடன் வாங்கப்பட்டது வெள்ளைச் சீருடையின் நம்பிக்கை. இப்போது பொருள் விற்பவர்களுக்குச் சீருடை தேவைப்படுவதில்லை. "நானும் உங்களை மாதிரி ஒரு அம்மாதான்" என்றால் போதும்.

*

கிரெக்கைப் போலவே பெற்றோரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட இன்னொரு மருத்துவரும் உண்டு. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், லண்டன். 1998-இல் அவரும் சகாக்களும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில் 12 குழந்தைகள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியைப் போட்ட பிறகுதான் பிள்ளை மாறிப்போனான் என்று அவர்களில் எட்டுப் பேரின் பெற்றோர் சொன்னதாக அதில் இருந்தது. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பயம் அங்கிருந்து கிளம்பியது. இங்கிலாந்தில் ஊசி போட்டுக்கொள்ளும் விகிதம் 2003-04-இல் 80 சதவீதத்துக்குச் சரிந்தது.

அந்தப் பெற்றோர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஊசி ஒரு வயதை ஒட்டிப் போடப்படுவது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளித்தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பனம்பழம் விழுந்ததும் நிஜம், காக்கை உட்கார்ந்ததும் நிஜம். கண்ணால் பார்த்தவளிடம் போய் நீ பார்க்கவில்லை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இரண்டு மருத்துவர்களும் கேட்டது ஒன்றுபோலத்தான், கேட்ட பிறகு செய்தது வேறு. கிரெக் தன் கதையைச் சக மருத்துவர்களிடம் கொண்டுபோய் உங்கள் நோயாளிகளிடமும் விசாரியுங்கள் என்றார். அடிலெய்டில் சார்லஸ் ஸ்வான் தலைமையில் தனியே ஆராய்ந்தார்கள், அவர்களுக்கும் அதுவே கிடைத்தது. வேக்ஃபீல்டின் 12 பேர் எப்படி அவரிடம் வந்து சேர்ந்தார்கள் என்று பத்திரிகையாளர் பிரையன் டீர் துருவியபோது, ஊசி நிறுவனங்கள்மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞரும், அவரிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் போன பணமும் வெளியே வந்தன. 2010 பிப்ரவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, மே மாதம் அவருடைய மருத்துவர் பதிவு ரத்தானது. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. 1964-65-இல் அமெரிக்காவில் ரூபெல்லா வாரியடித்தபோது கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் சுமார் 20,000. அவர்களில் 243 பேரை நியூயார்க்கில் குழந்தை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்து 1971-இல் எழுதினார். 10 பேருக்கு முழுமையான ஆட்டிசம், 8 பேருக்குப் பாதி அறிகுறிகள். அந்தக் காலத்துக் கணக்கில் அது மலைக்கவைக்கும் எண்ணிக்கை. ஆட்டிசத்தைக் கொண்டுவரும் என்று பழிக்கப்பட்ட ஊசி, ஆட்டிசத்துக்கு இட்டுச்செல்லும் ஒரு நோயைத் தடுக்கும் ஊசியும்கூட.

அப்படியானால் டாக்டர் சொல்வதை மட்டும் கேள், மற்றதற்குக் காதைப் பொத்திக்கொள் என்றுவிடலாமா? என்னால் சொல்ல முடியவில்லை. மேற்கத்திய நிபுணர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். பெஞ்சமின் ஸ்பாக்கின் உலகப் புகழ்பெற்ற நூலும் அப்படித்தான் சொன்னது. தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்தன. இருந்த சான்றுகளை 1970-லேயே ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும் என்றும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் 2005-இல் ரூத் கில்பர்ட் குழுவினர் கணக்குக் காட்டினார்கள். பிரிட்டனில் மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரச்சாரம் 1991-இல்தான் வந்தது. அந்தக் காலம் முழுக்க எத்தனை பாட்டிகள் "நாங்க மல்லாக்கத்தான் போட்டோம்" என்று முணுமுணுத்து, புத்தகம் படித்த மகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்களோ.

எனக்கு முதல் ராத்திரி பதில் எழுதிய அந்த சிஸ் சொன்னதும் கவிழ்த்துப் போடத்தான். விழித்திருக்கும் குழந்தையை மடியில் கவிழ்த்து முதுகைத் தடவுவதில் தவறில்லை. அப்படியே தூங்கவிடுவதில்தான் ஆபத்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய ஒரு வரியில் இல்லை. என் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் கையால் செய்து காட்டி, தூங்கியதும் அவரே திருப்பிப் போட்டிருப்பார்.

தவறைத் திருத்தத் தகவல் போதும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 2014-இல் பிரெண்டன் நைஹன் குழுவினர் அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் சோதித்தார்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்ற விளக்கத்தைப் படித்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தடுப்பூசியின்மேல் முன்பே அதிக வெறுப்பு இருந்தவர்களிடம், அடுத்த பிள்ளைக்குப் போடுவோம் என்ற எண்ணம் அதன் பிறகு குறைந்தது. அறிவு திருந்தியது, மனம் இன்னும் விலகியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வேறு வழியில் போனார்கள். பிரசவ வார்டில், வீட்டுக்குப் போகும் முன், பயிற்சி பெற்ற ஒருவர் தாயின் கட்டிலருகே உட்கார்ந்து முதலில் அவளுடைய பயத்தைக் கேட்கிறார். என்ன கேள்விப்பட்டீர்கள், எது உறுத்துகிறது? பிறகு, நான் கொஞ்சம் சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டுப் பேசுகிறார். தடுப்பூசி போட ஒப்புக்கொள்பவர்கள் எண்ணிக்கை கூடியது, மாகாணம் முழுக்க அதை விரிவாக்கினார்கள். பார்க்கப்போனால் அந்த ஆள் செய்வது பாட்டி வேலைதான். டோக்கன் 48 வெளியே காத்திருக்காத இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் வித்தியாசம்.

கிரெக்கிடம் திரும்புகிறேன். 78 குழந்தைகள் போதாது என்று பிரிட்டனில் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. அதைத் தீர்க்க உதவியவர் சிட்னியைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆலிவர் லங்காஸ்டர். அவர் நோயாளி எவரையும் பார்க்கவில்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் காது கேளாதவர்களின் பக்கங்களைப் புரட்டினார். 1911 கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயது வரையிலான காது கேளாதவர்கள் வழக்கத்துக்கு மீறி அதிகம். 1921 கணக்கெடுப்பில் அதே வீக்கம் 20 முதல் 24 வயதில் தெரிந்தது. அதே பிள்ளைகள், பத்து வயது கூடி. 1899-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அவர்கள். அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பரவியிருந்தது. லங்காஸ்டர் அதை எழுதி வெளியிட்டது 1951-இல். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தது. 1899-இலும் அவர்களுடைய அம்மாக்கள் வேலியோரத்தில் நின்று, கர்ப்பத்தில் உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் வந்ததை ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருப்பார்கள். எனக்கும்தான் என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். கேட்டு எழுதிக்கொள்ள அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.